எத்தனை பேர் மிஞ்சுவார்கள்? ராமநாதபுரக் கரையில் ரக்பி

வாசகர் ஒருவர், 17 ஏப்ரல் 2024

உச்சிப்புளிப் பக்கம் கடற்கரையில் பையன்கள் முட்டை மாதிரி ஒரு பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். கேட்டால் ரக்பியாம். இது கபடி மண். மீன்பிடித் தடைக்காலத்தில் பொழுது போகாமல் வந்து நிற்கிற கூட்டத்தைப் போட்டோ எடுத்துப் போட்டு வளர்ச்சி என்று சொல்லாதீர்கள். ஒரு வருஷம் கழித்து எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்று இங்கேயே வந்து எழுதுங்கள், பார்ப்போம்.

18 ஏப்ரல் 2024

அந்தப் பந்து என்னுடையது. போட்டோவும் நான் எடுத்ததுதான்.

சென்னையில் வேலை பார்த்த ஆறு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஆடிப் பழகினேன். ஊருக்குத் திரும்பியபோது பெட்டியில் பந்தும் வந்தது. இப்போது மண்டபத்துக்கு மேற்கே ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் 43 பேர். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டுத்தான் சொல்கிறேன். ஒரே பந்துக்கு 43 பேர் அடித்துக்கொள்கிறார்கள். இதை வளர்ச்சி என்று சொல்லாமல் வேறென்ன சொல்ல?

ஒரு வருஷம்தானே? எழுதுகிறேன்.

18 ஏப்ரல் 2024, ராத்திரி

கடற்கரை ஏன் என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நாளைக்கு ஓட்டுப்பதிவு, பள்ளிக்கூடத்தில் வாக்குச்சாவடி. அது ஒரு காரணம். இன்னொன்று, ஓட்டு முடிந்தாலும் அந்த மைதானத்தின் பூட்டு எங்களுக்குத் திறக்காது. அந்தக் கதை வேண்டாம்.

3 மே 2024

ஆட்டம் என்னவென்றே தெரியாமல் சண்டை போடுகிறவர்களுக்காக. நாங்கள் ஆடுவது செவன்ஸ். பக்கத்துக்கு ஏழு பேர், ஏழு நிமிஷம், இரண்டு நிமிஷ இடைவேளை, மறுபடி ஏழு நிமிஷம். கையில் பந்தோடு முன்னால் ஓடலாம், ஆனால் பந்தை முன்னால் எறியக்கூடாது. பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்க வேண்டும். எதிராளியின் கோட்டைத் தாண்டினால் ட்ரை, 5 புள்ளி. பிறகு பந்தைத் தரையில் தட்டி, எழும்பும்போது உதைத்துக் கம்பத்துக்கு நடுவே மேலே அனுப்பினால் இன்னும் 2.

கம்பம் கிரிக்கெட் ஸ்டம்ப் மாதிரி சின்னதில்லை. இரண்டு கம்பத்துக்கும் இடையே 5.6 மீட்டர், குறுக்குச் சட்டம் 3 மீட்டர் உயரத்தில். எங்களுடையது சவுக்குக் கட்டை. குறுக்குச் சட்டம் கயிறு. காற்றடித்தால் சட்டம் ஆடும், நடுவர் கண்ணும் ஆடும்.

இடித்துப் பழகுகிற மூட்டைக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு: கிழிந்த வலையைச் சாக்கில் திணித்துத் தைத்திருக்கிறோம். இடித்துவிட்டு எழுந்தால் உடம்பெல்லாம் காரல்மீன் வாடை.

9 மே 2024

கபடி மண் என்றீர்களே, அதைப் பற்றி.

பிடிப்பதற்கு நான் யாருக்கும் சொல்லித்தரவில்லை. வந்த முதல் நாளே பயல்கள் கெண்டைக்காலைப் பிடித்தார்கள், இடுப்பைக் கட்டினார்கள், மூன்று பேர் சங்கிலி போட்டு வளைத்தார்கள். சென்னையில் இதற்கே எனக்கு ஆறு மாசம் ஆயிற்று. சந்தோஷத்தில் அன்று எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தேன்.

தொல்லை அடுத்த நாள் தெரிந்தது. பிடித்ததை விடத் தெரியவில்லை. கபடியில் பிடித்தவன் பாட்டுப் போகிறவனை மூச்சு முடியும் வரை விடமாட்டான். விட்டால் புள்ளி போச்சு. இங்கே ஆளைத் தரையில் சாய்த்த அந்த நொடியே விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். விழுந்தவனும் பந்தை விட வேண்டும். விடாவிட்டால் தப்பு, பந்து அவர்களுக்கு. "விடு, விடு"ன்னு நான் கத்துகிறேன், அவன் இறுக்குகிறான். "எப்படிண்ணே விடுறது, இப்பத்தானே பிடிச்சேன்?" என்று கேட்டான் ஒருத்தன். நியாயமான கேள்வி. பதில் இல்லாமல் விசிலை ஊதினேன்.

கழுத்தைப் பிடிப்பது கூடவே கூடாது. தோளுக்கு மேலே கை போனால் தப்பு, மோசமாகப் போனால் மஞ்சள் அட்டை, இரண்டு நிமிஷம் வெளியே. ஏழு நிமிஷப் பாதியில் இரண்டு நிமிஷம் என்பது பெரிய தண்டனை.

22 மே 2024

மே 3-ம் தேதி எழுதியதில் ஒரு பிழை. கோட்டைத் தாண்டினால் போதாது. பந்தைக் கையால் தரையில் அமுக்கி வைக்க வேண்டும். எழுதும்போது விட்டுவிட்டேன், சொல்லித்தரும்போதும் விட்டிருக்கிறேன். நேற்று ஒருத்தன் எல்லாரையும் ஏமாற்றி ஓடி, கோட்டைத் தாண்டி, பந்தை வானத்தில் எறிந்துவிட்டு டான்ஸ் ஆடினான். ட்ரை இல்லை என்றேன். "நீங்க இங்க எழுதினதப் படிச்சிட்டுத்தான் ஆடுனேன்" என்று போனை எடுத்து இந்தப் பக்கத்தையே காட்டுகிறான்.

19 ஜூன் 2024

11 பேர்.

20 ஜூன் 2024

நேற்று மனசு சரியில்லை, அதனால் ஒரு வரியோடு நிறுத்திவிட்டேன். கேட்டவர் சொன்னதுதான் நடந்தது. ஜூன் 14-ம் தேதியோடு 61 நாள் தடை முடிந்தது. விசைப்படகுகள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயின, என் 43 பேரில் பாதிக்கு மேல் அவற்றோடு போய்விட்டார்கள். மீதியில் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது என்று சிலர். அதிலும் ஒருத்தன் பள்ளிக்கூடமும் போகவில்லை, படகுக்கும் போகவில்லை, எங்கே போனான் என்று அவன் அம்மா என்னைக் கேட்கிறார்.

கம்பெனியில் என் மேசையில் ஐஸ் கட்டிக் கணக்கு நோட்டு, பக்கத்தில் பயிற்சிக்கு வந்தவர்கள் நோட்டு. இரண்டையும் பிரித்து வைத்துப் பார்த்தேன். ஐஸ் எத்தனை கட்டி போகிறதோ அத்தனை ஆள் கடற்கரையில் குறைகிறது. திங்கள், புதன், சனி விசைப்படகு போகிற நாள். அந்த நாட்களில் ஏழெட்டுப் பேர். மற்ற நாட்களில் பதினைந்து வரை. கிட்டத்தட்ட தராசு மாதிரி.

இனி கூட்டம் என்று எண்ணப் போவதில்லை. நோட்டில் பேருக்கு நேரே டிக் மட்டும்.

27 ஜூலை 2024, சாயங்காலம்

வேறு விஷயம். இன்று ராத்திரி பதினொன்றுக்கு மேல் பாரிஸ் ஒலிம்பிக் செவன்ஸ் இறுதி ஆட்டம், பிஜியும் பிரான்ஸும். இதுவரை ஒலிம்பிக்கில் பிஜி ஓர் ஆட்டம்கூடத் தோற்றதில்லை. 2016 ரியோவில் செவன்ஸை முதல்முறை சேர்த்தபோது பிரிட்டனை 43-7 என்று அடித்தார்கள். அந்த நாட்டுக்கு எந்த ஆட்டத்திலும் அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்தச் சந்தோஷத்தில் ஏழு டாலர் நோட்டே அடித்தார்கள். ஏழு பேர் ஆட்டம், ஏழு டாலர்.

அவர்கள் ஓடிப் பழகுவது சிங்கடோகா என்ற இடத்து மணல்மேடுகளில். எங்கள் பயல்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். அரியமான் மணலிலே ஓடி முழங்கால் வலிக்கிறது என்று முனகுகிறவனிடம் "பிஜிக்காரன் இதைவிட உயரமான மணல்ல ஏறுறான்டா" என்பேன். இன்னொரு சங்கதியும் சொல்வேன். கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலியாக நம் பக்கத்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோன தீவு அது. அங்கே நாண்டி என்ற ஊரில் முருகனுக்கு நம்மூர் கோபுரத்தோடு கோவில் இருக்கிறது. எழுத்தில் நாடி, சொல்லும்போது நாண்டி.

பிஜிதான் ஜெயிக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

28 ஜூலை 2024

28-7. பிரான்ஸ். எழுதி வைத்தவர்கள் அழித்துவிடவும்.

இடைவேளை வரை 7-7. பிறகு பிரான்ஸின் துய்போன் உள்ளே வந்தான். பதினைந்து பேர் ஆட்டத்தில் உலகத்திலேயே பெரிய ஆள், இந்த ஒலிம்பிக்குக்காக ஏழு பேர் ஆட்டத்துக்கு மாறியவன். வந்தவுடனே இடது ஓரமாக ஓடி ஒரு ட்ரைக்கு வழி போட்டான், பிறகு தானே இரண்டு. ஐஸ் கம்பெனி வாசலில் என் போனைச் சுற்றி ஆறு பேர் நின்று பார்த்தோம். அதில் நாலு பேர் விடிகாலை நாட்டுப்படகுக்குப் போக வேண்டியவர்கள். தூங்காமலே போனார்கள்.

14 ஆகஸ்ட் 2024

சோழகக் காற்று. பந்து போடுகிற திசைக்குப் போவதில்லை. லைன்-அவுட்டில், அதாவது ஓரக்கோட்டைத் தாண்டிப் போன பந்தை உள்ளே எறியும்போது, நேராக எறிய வேண்டும் என்று விதி, இங்கே நேராக எறிந்தால் வளைந்து போகிறது. வளைத்து எறிந்தால்தான் நேராகப் போகிறது. விதியைக் காற்றிடம் யார் சொல்வது.

25 ஆகஸ்ட் 2024

மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிற ஒரு பெரியவர் நாலு நாளாகச் சைக்கிளை நிறுத்தி, கைப்பிடியில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இன்று இறங்கி வந்தார். "தம்பி, இது றகர் தானே?" என்றார். ரக்பி என்று சொல்லவில்லை, றகர். கண்டிப் பக்கத்து ஆள். அங்கே வாலிபத்தில் போகம்பரை மைதானத்தில் பிராட்பி கேடயத்துக்கு ஆடுவதை மதில் மேல் ஏறிப் பார்த்தாராம். கொழும்பு ரோயல் கல்லூரிக்கும் கண்டி திரித்துவக் கல்லூரிக்கும் 1945-லிருந்து நடக்கிற போட்டி. ஓர் ஆட்டம் கண்டியில், ஓர் ஆட்டம் கொழும்பில், இரண்டின் புள்ளியையும் கூட்டித்தான் யாருக்குக் கேடயம் என்று முடிவு.

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்த ஆட்டத்தை இந்தக் கரைக்கு முதலில் கொண்டுவந்தவன் நான்தான் என்று சென்னை நண்பர்களிடம் பீற்றியிருக்கிறேன். கடலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க ஊரே திரள்கிறது. ராத்திரி வானொலி திருப்பினால் அந்தக் கரைதான் முதலில் கேட்கும் என்று வளர்ந்த எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது.

பெரியவர் ஆடியதில்லை. "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அந்த மைதானத்திலை என்ன வேலை, தம்பி. நாங்கள் மதில்லை இருந்தம்." அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விதி அத்தனையும் அத்துப்படி. ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு பக்கமும் குனிந்து தோளோடு தோள் முட்டித் தள்ளும்போது, என் பையன்கள் நிற்கிற நிலையைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார்.

15 செப்டம்பர் 2024

பெண் பிள்ளைகள் எப்போது வந்தார்கள் என்று நோட்டைப் புரட்டினேன். ஆகஸ்ட் கடைசி வாரம், மூன்று பேர். அண்ணனுக்குத் தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்த ஒருத்தி, அவள் கூட்டாளிகள் இரண்டு பேர். இப்போது ஒன்பது.

இவர்களின் அம்மாக்களில் பாதிப் பேர் கடல்பாசி எடுக்கிறவர்கள். இந்த வேலை தெரியாதவர்களுக்கு: விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டு, தீவுப் பக்கத்துப் பாறைகளில் மூச்சடக்கி மூழ்கிப் பாசி பறிப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாசத்தில் பன்னிரண்டு நாள் போலத்தான் போவார்கள். மற்ற நாட்களில் பாசி வளரட்டும் என்று அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு.

ஓர் அம்மா சண்டைக்கு வந்தார். "பல்லு கில்லு போனா யாருய்யா கட்டிக்குவா?" பல்லுக்குப் போடுகிற ரப்பர் உறையைக் காட்டினேன். வாங்கி முகர்ந்து பார்த்தார். "சரி, அப்படி என்னத்தத்தான் சொல்லித்தர்ற?" என்றார். மூட்டையைக் காட்டினேன். பின்னால் ஒருத்தன் அணைத்துப் பிடித்திருப்பான், ஓடி வந்து தோளால் இடிக்க வேண்டும் என்றேன். அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு வந்தார். மூட்டை ஒரு பக்கம், பிடித்திருந்தவன் ஒரு பக்கம். அவன் எங்கள் அணியின் மிகப் பெரிய ஆள், 84 கிலோ.

மகள் வந்துகொண்டிருக்கிறாள். அக்காவும் பாசிக்குப் போகாத நாட்களில் வந்து உட்கார்கிறார். நான் சொல்வது பிடிக்காவிட்டால் வெளியிலிருந்து சத்தமாகத் திருத்துகிறார்.

2 அக்டோபர் 2024

"பெண் பிள்ளைகளை வைத்து எண்ணிக்கையை ஏற்றுகிறீர்கள்" என்று எழுதியவருக்குப் பதில் இல்லை.

3 அக்டோபர் 2024

இருக்கிறது. நேற்று திங்கள் இல்லை, சனி இல்லை, புதன். படகு நாள். வந்த ஆண்கள் 6, பெண்கள் 9. எதை எதால் ஏற்றுகிறேன் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

27 அக்டோபர் 2024

எங்கள் ஓரத்து ஆட்டக்காரன், பத்தொன்பது வயசு, அவன் அப்பாவோடு கடலில் பிடிபட்டான். படகும் போயிற்று. இன்றைக்குப் பயிற்சி இல்லை. அவன் வீட்டில்தான் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பெரியவரும் வந்திருந்தார்.

22 நவம்பர் 2024

மைதானம் கிடையாது, குளம் இருக்கிறது. இருபதாம் தேதி பாம்பனில் மேகம் வெடித்துக் கொட்டியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். ராமேஸ்வரத்தில் அன்று ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல். கம்பத்தில் ஒன்று சாய்ந்துவிட்டது. மூட்டைகள் மூன்றும் ஊறி, ஒவ்வொன்றையும் தூக்க நாலு பேர் வேண்டும். மீன்வாடை போனது என்றார்கள். போகவில்லை, வேறு வாடை சேர்ந்திருக்கிறது.

16 டிசம்பர் 2024

நேற்று மதுரையில் ஒரு நட்பு ஆட்டம். பையன்கள் 40-5 என்று தோற்றோம். எங்கள் 5 புள்ளியும் கடைசி நிமிஷத்தில் வந்தது. செவன்ஸில் ட்ரை போட்ட அணியே மறுபடி உதைத்துக் கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்கு வசதியாகப் போயிற்று, எட்டு முறை பந்து எங்கள் கைக்கு வந்தது. எட்டு முறையும் என்ன செய்தோம் என்று கேட்காதீர்கள். உண்மையான புல்தரையில் ஆடியது எல்லாருக்கும் முதல்முறை. மணலில் ஓடிய கால், புல்லில் தன் வேகத்தைத் தாங்காமல் தானே விழுகிறது.

ஒருத்தனுக்குத் தலையில் லேசாக இடித்தது. ஒன்றும் ஆகவில்லை, இரண்டாம் பாதியும் ஆடினான்.

பெண்கள் 12-10 என்று தோற்றார்கள். பேருந்தில் திரும்பும்போது பரமக்குடி வரை யாரும் யாரோடும் பேசவில்லை. ரொம்ப நல்ல அறிகுறி.

5 ஜனவரி 2025

மேலே உள்ள குறிப்பில் "ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதினேன். அது பொய். அழிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

அன்றைக்கு நடந்தது இது. இடித்து விழுந்தவன் எழுந்து எதிரணிப் பக்கம் போய் நின்றான். நான் கூப்பிட்டேன், சிரித்தான். இடைவேளையில் எந்த ஊரில் ஆடுகிறோம் என்று கேட்டேன். "ராம்நாடு" என்றான். பிறகு "சும்மா சொன்னேண்ணே, மதுரை" என்றான். மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டே பேர், இருவருமே ஏற்கனவே உள்ளே. எனக்கு அந்த ஆட்டம் வேண்டியிருந்தது. விட்டேன்.

சென்னையில் ஆடியபோது எங்களுக்கு முதலில் சொல்லித்தந்ததே இதுதான். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடு, அன்றைக்கு மறுபடி உள்ளே விடாதே. ஊர்மட்ட ஆட்டத்தில் குறைந்தது 21 நாள் கழித்துத்தான் மறுபடி போட்டி ஆட வேண்டும், அதிலும் கடைசி 14 நாள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்திருக்க வேண்டும். நான் ஏழு நிமிஷம்கூட வெளியே வைக்கவில்லை.

அவனுக்கு ஒரு வாரம் தலைவலி, வெயிலைப் பார்த்தால் குமட்டல். வீட்டில் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. பாசி அக்காதான் கண்டுபிடித்தார். ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனோம். இப்போது நன்றாக இருக்கிறான். அவன் அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனி தலையில் பட்டால் யார் வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்வது நான் இல்லை, அக்கா. எல்லாருக்கும் சொல்லியாயிற்று. ஆட்டத்தின் நடுவில் அக்கா கையைத் தூக்கினால் பேச்சு கிடையாது.

12 ஜனவரி 2025

போன குறிப்புக்கு வந்த பதில்களில் சிலர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள். வேண்டாம்.

ஓரத்து ஆட்டக்காரன் பொங்கலுக்கு முன்னால் வந்துவிட்டான். நேற்று வந்து கரையில் நின்றான். ஆடவில்லை. மெலிந்திருக்கிறான்.

9 பிப்ரவரி 2025

சாயங்காலம் மழைமேகம், நாலு பேர்தான் வந்தோம். பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஸ்காட்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வருஷா வருஷம் நடக்கிற ஆட்டத்தில் கொடுக்கிற கோப்பைக்குக் கல்கத்தா கோப்பை என்று பேர், ஏன் என்று ஒருத்தன் கேட்டான். கதையைச் சொன்னேன்.

1872 கிறிஸ்துமஸ் அன்றைக்குக் கல்கத்தாவில் வெள்ளைக்காரர்கள் பக்கத்துக்கு இருபது பேராக ஆடினார்கள். அடுத்த வருஷமே கிளப் தொடங்கிவிட்டார்கள். நாலைந்து வருஷத்தில் படுத்துவிட்டது. ஆடிக்கொண்டிருந்த படைப்பிரிவு ஊர் மாறிப் போயிற்று, வெயிலுக்கு போலோவும் டென்னிஸும் தோதாக இருந்தன. கிளப்பில் இலவசமாக ஊற்றிக் கொடுத்த சாராயம் நின்றதும் ஆள் வரத்து குறைந்தது என்றும் சொல்வார்கள். கடைசியில் வங்கியில் இருந்ததை வெள்ளி ரூபாயாக எடுத்து, 270 ரூபாய் என்கிறார்கள், உருக்கிக் கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாகப்பாம்புகள்தான் அதன் கைப்பிடி. மூடியில் யானை. 1879-லிருந்து அதற்காக ஆடுகிறார்கள்.

"அப்ப இந்தியாவுல மொதல் கிளப்பே ஆளில்லாம செத்துச்சு, கோப்பை மட்டும் இன்னும் ஆடுது" என்றான் அவன். "நம்ம நோட்டுல எவ்வளவுண்ணே இருக்கு, உருக்குறதுக்கு?" 640 ரூபாய். கோப்பை வராது, ஒரு மோதிரம் வரும், அதுவும் வெள்ளியில்.

இந்த இழையைத் தொடங்கிய வாசகரை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். அவர் கேட்டது கல்கத்தாக் கேள்விதான்.

11 மார்ச் 2025

நோன்பு மாசம். பெரியபட்டினம், புதுமடம் பக்கத்திலிருந்து வருகிற ஐந்து பேர் பகலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். எதற்கு இந்த வேதனை என்று நேரத்தை மாற்றினோம். தராவீஹ் தொழுகை முடித்து ராத்திரி பத்து மணிக்கு. வெளிச்சத்துக்கு இரண்டு பைக்கின் விளக்கு. இருட்டில் பந்து தெரியாது, அதனால் பந்தைக் கேட்டு வாங்கப் பழகினார்கள். "காக்கா, இடது!" "லாத்தா, பின்னாடி!" என்று கத்திக்கொண்டு. அண்ணனுக்குக் காக்கா, அக்காவுக்கு லாத்தா. கடல் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். ஒரு வருஷமாக நான் "பேசு, பேசு, வாயைத் திறந்து பந்து கேள்" என்று தொண்டை கிழியச் சொன்னது பத்து நாளில் வந்துவிட்டது. வீட்டிலிருந்து நோன்புக்கஞ்சி வாளியில் வருகிறது. நோன்பு வைக்காதவர்கள்தான் இரண்டு தம்ளர் குடிக்கிறார்கள், முதல் ஆளாக நான்.

7 ஏப்ரல் 2025

பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தாயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேலாக ரயில் மண்டபத்தோடு நின்றுகொண்டிருந்தது. தங்கச்சிமடத்திலிருந்து வருகிற இரண்டு பிள்ளைகள் பேருந்துக்குக் காத்துத் தாமதமாக வருவதைத் திட்டியே என் வருஷம் போயிற்று. இனி ரயில் வரும், சாக்கு என்ன சொல்வார்கள் என்று கேட்டேன். "தூக்குப் பாலத்தைத் தூக்கிட்டாங்கன்னு சொல்வோம்" என்றார்கள்.

17 ஏப்ரல் 2025

ஒரு வருஷம். நோட்டு முன்னால் இருக்கிறது.

ஒரு நாளாவது வந்தவர்கள் 118. இதை மட்டும் போட்டுவிட்டு ஓடிவிடலாம், நல்ல எண்.

கடந்த மூன்று மாசத்தில் படகு நாள், படகில்லா நாள், பாசி நாள் எதுவானாலும் வாரம் இரண்டு முறையாவது வந்தவர்கள் 14. அதில் பெண்கள் 9. அந்த முதல் நாள் போட்டோவில் இருந்த 43 பேரில் இந்தப் பதினாலுக்குள் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருத்தன் "எப்படிண்ணே விடுறது" என்று கேட்டவன்.

தடை மறுபடி தொடங்கிவிட்டது. நேற்று கடற்கரையில் 50 பேருக்கு மேல். போட்டோ எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஐஸ் கணக்கையும் வருகைக் கணக்கையும் மறுபடி பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது என் பேரையும் தேடினேன். பயிற்சி நடத்துகிறவன் பேரை நோட்டில் எழுதியதே இல்லை. விசிலும் பந்தும் என்னிடம் இருந்ததால் நான் வராத நாளில் பயிற்சியே இல்லை, பக்கம் வெள்ளையாக இருக்கிறது. எண்ணினேன். ஜூன் 15-லிருந்து ஜூலை பாதி வரை, படகு நிறையப் போய் ஐஸ் கம்பெனி ராத்திரியும் ஓடிய நாட்களில், பதினேழு வெள்ளைப் பக்கம். இந்தக் கரையின் முதல் தடைக்கால ரக்பிக்காரன் நான்தான்.

19 ஏப்ரல் 2025

வாசகர் பதில் எழுதியிருக்கிறார், ஒரு வருஷத்துக்குப் பிறகு, ஒரே வரி: "14 பேருக்கு எத்தனை பந்து?"

இரண்டு. ஒன்றில் காற்று நிற்காது. உடைமுள் ஏறி, சைக்கிள் கடையில் ஒட்டுப் போட்டது. பந்து கோணலாக எழும்புகிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். "பந்தே கோணல்தானேய்யா" என்றார்.

17 ஜூன் 2025

தடை முடிந்துவிட்டது. நேற்று திங்கள், மாலை நாலு மணிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன், தலை நிமிர நேரமில்லை. பாசி அக்காவின் மகள் கம்பெனி வாசலில் வந்து நின்றாள்.

"பந்து எங்கண்ணே?"

"மேசைக்கு அடியில. இன்னைக்கி என்னால வர முடியாது."

"உங்களையா கேட்டேன்?"

பந்து, விசில் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி பத்து மணிக்கு நான் வெளியே வந்தபோது பந்து வாசற்படியில், ஈரமணலோடு. நோட்டில் பென்சிலால் டிக் போட்டிருந்தார்கள், பன்னிரண்டு. கடைசியில் என் பேரை எழுதி நேரே ஒரு கோடு. வரவில்லை.

30 ஜூன் 2025

மும்பையில் நடந்த ரக்பி பிரீமியர் லீக் இறுதி ஆட்டத்தைப் போனில் பார்த்தோம். சென்னை அணி டெல்லியை 41-0 என்று முடித்துவிட்டது. அங்கே நாலு நாலு நிமிஷமாக நாலு கால் பகுதி. எங்கள் ஆட்களுக்கு அதுதான் பெரிய வாக்குவாதம், ஏழு நிமிஷம் மூச்சு விடாமல் ஓடத் தெரியாதவனுக்கு என்ன சம்பளம் என்று. பெரியவருக்கு ஸ்க்ரம் பிடிக்கவில்லை. பிராட்பி அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். ஆளைப் பிடித்துச் சாய்த்த ஒரு டேக்கிளை அக்கா பார்த்துப் போனுக்கே கையைத் தூக்கினார்.

ஒட்டுப் போட்ட பந்து மறுபடி இறங்கிவிட்டது. உச்சிப்புளியிலோ மண்டபத்திலோ யாரிடமாவது காற்றடிக்கிற ஊசி இருந்தால் சொல்லுங்கள். எங்களுடையது உப்புக்காற்றில் துரு ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது.